நெற்றியில் குழி சுமந்தவள்

"பல்லைப் பாரும்மா, தாராளமா பாரு... ஆனா விரலை மட்டும் எண்ணி வெச்சுக்கோ!"

தரகன் ஷர்க்கி சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். ஹனியா சிரிக்கவில்லை. செம்பழுப்புக் குதிரையின் வாயை மூடிவிட்டு, குனிந்து முன்னங்காலைத் தடவினாள். குளம்புக்கு மேலே சூடு இருந்தது. தலையசைத்துவிட்டு நகர்ந்தாள்.

செவ்வாய்ச் சந்தையை மூடுபனி விழுங்கியிருந்தது. கடல் பக்கமிருந்து வந்து துக்காலா சமவெளியில் படுத்துக்கொள்ளும் பனி அது. குதிரைகளின் கால்கள் தெரிந்தன, உடல்கள் தெரியவில்லை. எங்கோ ஒரு கனைப்பு... எதன் வாயிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

முதலில் பார்த்த கறுப்புக் குதிரை ஆட்டுக்குட்டி போல் சாதுவாக நின்றது. கழுத்தைத் தொட்டால் காய்ந்த வியர்வை உப்பாக ஒட்டியது. விடியும் முன்பே ஓட்டி ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். அதன் உண்மையான குணம் வாங்கியவன் வீட்டில்தான் தெரியவரும்.

"முதல் குதிரை, முதல் மருமகன் மாதிரி புள்ள," என்றார் லஹ்சன் மாமா. "அழகைப் பார்த்து ஏமாந்தா ஆயுசுக்கும் தீனி போடணும்."

"மாமி உங்களைப் பார்த்து ஏமாந்த மாதிரியா?"

"அதான் சொல்றேன்... அனுபவம்!"

அவள் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போனது. சிரிக்கும் நேரமில்லை. அறுவடைத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. குதிரைகள் ஒரே வரிசையாகப் பாய்ந்து, துப்பாக்கிகள் ஒரே சத்தமாக வெடிக்கும் அந்த வரிசையில், அவள் அப்பா சி புவஸ்ஸாவின் வீட்டுக்கென்று ஓர் இடம் உண்டு. பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அந்த இடம் காலியாக இருந்ததில்லை. போன வருடம் குதிரையோடு விழுந்தார் அப்பா. குதிரை போயிற்று, அவர் இடுப்பும் போயிற்று. மகன் இல்லை, மகள் மட்டும்தான். குலத்துப் பெரியவர்கள் நிறைய யோசித்து ஒன்று சொன்னார்கள். மகள் வரலாம். ஆனால் சொந்தக் குதிரையில் வர வேண்டும். இரவல் குதிரையில் வருபவர்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

ஹனியாவுக்கு ஓட்டத் தெரியும், துப்பாக்கியைச் சுழற்றத் தெரியும். சொந்தமாக ஒரு குதிரை... அதுதான் அவளுக்கு முதல் முறை.

அப்போதுதான் பனி விலகியது. அல்லது, அந்தப் பெண் குதிரை பனியை விலக்கிக்கொண்டு வந்தது.

சாம்பல் வெள்ளை நிறம். நெற்றி முழுக்க மருதாணிப் பூச்சு, கல்யாணப் பெண்ணைப் போல. கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை. தானே வந்து அவள் முன்னால் நின்றது. சந்தை நாய்கள் குரைப்பதை ஏனோ நிறுத்தின.

"ஷஹ்பா," என்றான் ஷர்க்கி. இப்போது அவன் குரலில் வேடிக்கை இல்லை.

பல் சரியாக இருந்தது. கால்கள் குளிர்ந்து, நேராக இருந்தன. ஏறி உட்கார்ந்தால் அவள் நினைப்பதற்கு முன்பே திரும்பியது. ஷர்க்கியின் ஆள் அதன் காதுக்கருகே குண்டில்லாமல் வெறும் மருந்து மட்டும் போட்டுத் துப்பாக்கியை வெடித்தான். சந்தையில் இருந்த குதிரைகள் எல்லாம் துள்ளின. ஷஹ்பாவின் காது மடல்கூட அசையவில்லை.

'இதுதான்... இதைவிட என்ன வேணும்?'

இறங்கி அதன் கண்ணைப் பார்த்தாள். குதிரை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, அவளுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ உற்றுப் பார்த்தது... ஹனியா சட்டென்று திரும்பினாள். பின்னால் பனிதான் இருந்தது.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்ல மாமா. விலையைப் பேசுங்க."

மாமா பேசினார். ஷர்க்கி தயங்காமல் இறங்கி வந்தான். அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்! கையோடு கை அடித்தால் வியாபாரம் முடிந்தது. ஹனியா கையை நீட்டினாள்...

அந்தக் கைக்கும் ஷர்க்கியின் கைக்கும் நடுவே ஒருவன் புகுந்தான். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. தலைப்பாகையின் நுனியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஒரு வார்த்தை பேசாமல் குதிரையின் நெற்றியைத் துடைத்தான். மருதாணி கரைந்து மூக்கின் வழியே இறங்கியது, ரத்தம் போல.

துடைத்த இடத்தில் இரண்டு சுழிகள். ஒன்றையொன்று பார்த்தபடி. நடுவே மயிர் இரண்டு பக்கமும் பிளந்து, நீளமாக, வாய் திறந்து...

"திறந்த குழி!" என்றார் யாரோ. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. மாமா வாய்க்குள் எதையோ ஓதினார். அந்தச் சுழி உள்ள குதிரை, வைத்திருப்பவனுக்குச் சவக்குழி தோண்டும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

ஹனியாவுக்கு முகம் பற்றி எரிந்தது. நாலு பேர் நடுவில், புவஸ்ஸாவின் மகள் குழியை விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்!

"யாரைக் கேட்டு என் குதிரை மேல கை வெச்சீங்க?"

"உங்க குதிரையா? இன்னும் கை குடுக்கலையே."

"குடுக்கத்தான் போனேன். நீங்கதான் நடுவுல பூந்தீங்க."

"பூந்ததாலதான் இன்னும் கொஞ்ச காலம் இருப்பீங்க, லல்லா." பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லால்தான் அழைத்தான்.

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். மழை வருவதற்கு முன் நிலம் ஒரு நிறத்துக்கு மாறுமே, அந்த நிறம். அதில் கோபமில்லை. ஏளனமில்லை. தூங்காதவனின் கண்கள்... எதற்கோ காத்திருப்பவனின் கண்கள்.

"என் பேர் ஜிலாலி. இது என் குதிரை. நான் வீட்டுல இல்லாத நேரம் பார்த்து சித்தப்பா தரகர்கிட்ட அனுப்பிட்டார். மருதாணியும் அவர் வேலைதான். எங்க வீட்டு சார்பா மன்னிப்புக் கேக்குறேன். நாங்க குழியை விக்கிறவங்க இல்ல."

"பொம்பளை வாங்க வந்ததாலதானே இந்த அவமானம்?"

"ஆம்பளை வந்திருந்தாலும் துடைச்சிருப்பேன். ஆனா..."

"ஆனா?"

"இவ்வளவு வேகமா ஓடி வந்திருக்க மாட்டேன்."

குதிரையைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டான். அவள் திட்டி முடிப்பதற்குள் போய்விட்டான் என்பதுதான் அவளுக்குப் பெரிய கோபம்.

வீட்டில் அப்பா கேட்டுவிட்டு ஒன்றும் திட்டவில்லை. "கையைக் கழுவிட்டு வா," என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே ஜிலாலியிடமிருந்து ஆள் வந்தது. என் குதிரையால் உங்கள் மகளுக்கு ஒரு சந்தை வீணானது. நல்ல குதிரை ஒன்றைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் வீட்டுடையது என்று. சி புவஸ்ஸா மீசையைத் தடவினார். "முறை தெரிஞ்சவனா இருக்கான். லஹ்சன் கூடப் போகட்டும்."

குதிரைப் பண்ணைகளுக்குப் போகும் பாதை ஜிலாலியின் வீட்டைத் தாண்டித்தான் போகும். முதல் நாள் தூறலாக இருந்தது. மாமாவை ஜிலாலியின் சித்தப்பா புதினாத் தேநீரும் நெய் தடவிய ரொட்டியும் கொடுத்து உட்கார வைத்துக்கொண்டார். ஹனியா முற்றத்தில் ஷஹ்பாவைத் தேடினாள்.

அத்திமரத்தடியில் நின்றது. முன்னங்காலால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. ஒரு பறிப்பு... நிறுத்தம்... மறுபடி ஒரு பறிப்பு. அவசரமில்லாத வேலை. அருகே போன ஹனியாவின் கால்கள் தாமாக நின்றன.

குழி. சாதாரணமாகக் குதிரை பறிக்கும் பள்ளம் இல்லை அது. நீளமாக, விளிம்பு நேராக, ஒரு மனிதன் படுக்கும் அளவு. அதில் ஓர் உடலை வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தால் முகம் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கும்.

"தினமும் மூடுறேன்," என்றான் ஜிலாலி பின்னாலிருந்து. "காலையில பார்த்தா இதே மாதிரி இருக்கும். முதல்ல அப்பாவுக்குத் தோண்டிச்சு. அப்புறம் அண்ணனுக்கு. ரெண்டு பேரும் நல்லா இருந்தவங்க. குழி இடுப்பளவு வந்துச்சு... போயிட்டாங்க. இப்போ குதிரை என் பேர்ல இருக்கு."

அவன் மழையைப் பற்றிப் பேசுவதைப் போலச் சொன்னான்.

"விரட்டி விட வேண்டியதுதானே?"

"எங்க போகும்? யாராவது ஒருத்தன் பாவம் பார்த்துப் பிடிச்சுக் கட்டுவான். அவன் வீட்டுக்கு நான் குழி அனுப்பின மாதிரி ஆகாதா?"

ஷஹ்பா பறிப்பதை நிறுத்தியது. மெல்ல வந்து ஹனியாவின் தோளில் தாடையை வைத்தது. மூச்சில் ஈரமண்ணின் வாசனை. ஜிலாலி பதறி அதன் கழுத்தைத் தள்ளினான்.

"தொடாதீங்க லல்லா!"

"நான் எங்க தொட்டேன்? அதுதானே தொடுது."

அதன் பிறகு பண்ணை பண்ணையாக அலைந்தார்கள். மாமா கழுதையில் முன்னால் போவார், அவர்கள் பின்னால். ஜிலாலி குதிரை பார்க்கும் விதமே வேறு.

"சேணம் போட்டு நிறுத்தின குதிரையைப் பார்க்காதீங்க. மேய்ச்சல்ல இருக்கும்போது போய்ப் பாருங்க. பிடிக்கப் போனா வருதா ஓடுதான்னு பாருங்க. முதல்ல விக்கிறவன் ஏறட்டும்... அவனே பயந்தா நீங்க ஏறாதீங்க."

"நிறம்?"

"நிறத்தை நீங்க ஏறி உட்கார்ந்துட்டா பார்க்கவா முடியும்? உங்க கைக்கு அது அடங்கணும். உங்க பயம் அதுக்குத் தெரியக்கூடாது. அதோட பயம் உங்களுக்குத் தெரியணும்."

"இது குதிரைக்கா, மாப்பிள்ளைக்கா?" என்று முன்னாலிருந்து கேட்டார் மாமா. இருவரும் வெவ்வேறு திசையில் திரும்பிக்கொண்டார்கள்.

மழை வந்தது. கற்றாழை வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள். அவன் தன் நீள அங்கியை, ஜலாபாவை, கழற்றி நீட்டினான், முகத்தைப் பார்க்காமலேயே. அவள் வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்த்துக்கொண்டே. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெலிந்துகொண்டு வருகிறான்...

"காலைல பார்த்த பழுப்புக்கு என்ன குறை?"

"ஏர்ல பூட்டின மாதிரி நடக்குது."

"முந்தாநாள் பார்த்தது?"

"கடிக்குது."

"உங்களைத்தான் கடிச்சுது. என்னை இல்ல."

"நாளைக்கு உங்களையும் கடிக்கும்."

"எல்லாக் குதிரைக்கும் குறை சொன்னா நான் எப்போதான் வாங்குறது?"

"வாங்கிட்டா அப்புறம் இந்தப் பக்கம் வரமாட்டீங்களே..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஹனியா ஜலாபாவின் தலைமூடிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். உள்ளே அவன் வாசனை. புகையும் புல்லும் கலந்த வாசனை... நெஞ்சு குதிரையாக ஓடியது.

திரும்பும் வழியில் சித்தப்பா அவளைத் தனியே நிறுத்தினார். "மகளே, மருதாணி பூசினது நான்தான். பாவம்தான். ஆனா எனக்கு மிச்சம் இருக்கிறது இவன் ஒருத்தன். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நீ வந்துட்டுப் போற நாள்ல அது தோண்டுறதில்ல."

பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஹனியாவால் போக முடியவில்லை. காய்ச்சல் தணிந்து அவள் போனபோது ஜிலாலி முற்றத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழ முயன்றான், முடியவில்லை. அத்திமரத்தடியில் குழி இடுப்பைத் தொடப் போகும் ஆழத்தில் இருந்தது. அதன் கரையில் ஷஹ்பா காவல்காரி போல் நின்றது.

"உங்களுக்கு ஒரு குதிரை பார்த்து வெச்சிருக்கேன்," என்றான். "குறை ஒண்ணும் இல்ல. இந்தத் தடவை நிஜமாவே. சித்தப்பா கூட்டிட்டுப் போவார்."

"நீங்க?"

அவன் குழியைப் பார்த்தான்.

ஹனியாவுக்கு அழுகை வர வேண்டியது, ஆத்திரம் வந்தது. "எனக்கு அந்தக் குதிரை வேணாம். இதுல பாதி வேணும்."

"எது?"

"ஷஹ்பால பாதி. ரெண்டு வீடு சேர்ந்து ஒரு குதிரை வெச்சுக்கிறது நம்ம பக்கத்துல இல்லாத வழக்கமா? பங்குக் குதிரையும் சொந்தக் குதிரைதான். பெரியவங்க மறுக்க முடியாது. அது ஒருத்தருக்குத்தானே குழி தோண்டிப் பழகியிருக்கு? ரெண்டு பேருக்குச் சொந்தமானா யாருக்குத் தோண்டும்?"

"யாராவது ஒருத்தருக்கு. அது நீங்களா இருந்தா?" அவன் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "முடியாது. போங்க லல்லா... போங்க!"

போனாள். அப்பாவிடம் நேராகப் போய்ச் சொன்னாள், ஒன்றுவிடாமல்.

சி புவஸ்ஸா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பேசினார். "என் வீட்டுப் பொண்ணு அந்நிய ஆம்பளையோட எதுலயும் பங்கு வெக்கமாட்டா. குதிரையில இல்ல, கோழியில கூட இல்ல."

"அப்பா..."

"என் தடியை எடு. கழுதையைக் கட்டச் சொல்லு."

ஹனியாவும் மாமாவும் கூட வர, பெரியவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஜிலாலியின் முற்றத்தில் வந்து இறங்கினார். ஜிலாலி சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். முறையாகத் தலை தாழ்த்தினான். அவர் அவனைப் பார்க்காமல் குழியின் விளிம்புக்குப் போனார். ஷஹ்பா அவருக்கு வழிவிட்டு நகர்ந்தது. தடியை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். எந்த முகபாவமும் இல்லை.

"பயமா இருக்கா தம்பி?"

"முன்னே இல்ல சி புவஸ்ஸா. அப்பா போனப்போ இல்ல, அண்ணன் போனப்போ இல்ல. என் முறைன்னு இருந்தேன். இப்போதான் பயமா இருக்கு."

"இப்போ ஏன்?"

ஜிலாலி ஹனியாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் மரியாதை இல்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இப்போ உயிரோட இருக்கணும்னு ஆசையா இருக்கு."

மாமா செருமினார்.

"என் பொண்ணு பங்கு கேட்டாளாம். நீ மறுத்தியாம்."

"மறுத்தேன். இனியும் மறுப்பேன்."

"சரிதான். குழியை விக்காத வீடு. அது எனக்குப் பிடிச்சிருக்கு." பெரியவர் தடியை ஊன்றி நிமிர்ந்தார். இடுப்பு ஒடிந்தாலும் அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. "ஆனா நாங்க சாவுக்குப் பயந்து வரிசையில இடத்தைக் காலியா விட்ட வீடும் இல்ல. அந்நியனோட என் பொண்ணு பங்கு வெக்கமாட்டான்னு சொல்லிட்டேன். அதை மாத்தமாட்டேன். அதனால நீ அந்நியனா இருக்கக்கூடாது. புரியுதா?"

ஜிலாலிக்குப் புரிய நேரமானது. ஹனியாவுக்கு உடனே புரிந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

"ஹனியா," என்றார் அப்பா. "குழியை நல்லாப் பாரு. பார்த்துட்டுச் சொல்லு. உன் மேல கட்டாயம் இல்ல."

அவள் பார்த்தாள். கறுப்பாக, ஈரமாக, பொறுமையாக அது வாயைத் திறந்துகொண்டிருந்தது. விளிம்பிலிருந்து நிமிர்ந்து சொன்னாள்.

"சம்மதம் அப்பா."

ஜிலாலி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பெரியவர் தடியைத் தட்டினார். "அவ சொல்லிட்டா. இப்போ உன் உயிரைப் பத்தி முடிவு பண்ண உனக்கு மட்டும் உரிமை இல்ல." கையை நீட்டினார். அவன் அந்தக் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. எல்லோரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதினார்கள்.

"மச்சான், இது குதிரைக்கு ஓதினதா, கல்யாணத்துக்கு ஓதினதா?" என்றார் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ரெண்டுக்கும்தான். அல்லாஹ்வுக்குப் பிரிச்சுக்கத் தெரியும்."

அன்று யாரும் குழியை மூடவில்லை. மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஹனியா மாமாவோடு வந்தபோது மறுபடி மூடுபனி. வாசலில் ஜிலாலி நின்றிருந்தான். தன் காலில் நின்றிருந்தான், சுவரைப் பிடிக்காமல். ஆனால் முகம் சரியில்லை.

"வா," என்றான். நேற்றுவரை 'வாங்க'. அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததை அவனும் கவனித்தான். "ஒண்ணு காட்டணும். பயப்படாதே."

பனிக்குள் அத்திமரம் தெரியவில்லை. ஷஹ்பாவின் மூச்சுச் சத்தம் மட்டும் வழிகாட்டியது. நெற்றி நிமிர்த்தி, வேலை முடித்தவள் போல் நின்றது. அதன் காலடியில்...

குழி ஆழமாகவில்லை. அகலமாகியிருந்தது. ஒரே இரவில் பக்கவாட்டில் மண்ணைப் பறித்துத் தள்ளி, இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் படுக்கும் அளவு.

மாமா அலறிக்கொண்டு வாசல் பக்கம் ஓடினார். ஹனியா ஓடவில்லை. குதிரையின் கண்ணைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்தது, பிறகு அவனைப் பார்த்தது. அவர்களுக்குப் பின்னால் யாரையும் பார்க்கவில்லை.

"நான் சொன்னேனே," ஜிலாலியின் குரல் உடைந்தது. "உன்னையும் சேர்த்து..."

"இருங்க." அவள் விளிம்பில் உட்கார்ந்து அகலத்தைக் கையால் அளந்தாள். மெல்ல, மிக மெல்ல, அவள் முகம் மாறியது. "நம்ம ஊர்ல ஒரு குழியில ரெண்டு பேரை வைப்பாங்களா?"

"மாட்டாங்க. ஒருத்தருக்கு ஒண்ணுதான்."

"அப்போ இது யாருக்கும் உதவாதே. நாளைக்கே நான் செத்தாலும் இதுல வைக்க விடமாட்டாங்க. நீங்க செத்தாலும் விடமாட்டாங்க. பாவம், இவ்வளவு பாடுபட்டுத் தோண்டிட்டு..." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ரெண்டு பேருக்கு இடம் போட்டா அதுக்குப் பேரு குழி இல்லங்க..."

"பின்னே?"

"குடித்தனம்."

அவன் அவளைப் பார்த்தான். இந்த முறை மண்ணைப் பார்க்கவில்லை, மழையைப் பார்க்கவில்லை.

"உனக்குப் பயமே இல்லையா ஹனியா?"

"நிறைய இருக்கு," என்றாள். "சந்தையில உங்களைப் பார்த்த நாள்லருந்து இருக்கு. நீங்க இல்லாத ஊர்ல நான் மட்டும் நூறு வருஷம் இருந்துடுவேனோன்னுதான் பயம். பக்கத்துல நீங்க இருந்தா... அது குழியா இருந்தாலும் சரி... எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களைத்தான் பிடிச்சிருக்கு. குதிரை அப்புறம்."

பனிக்குள் எங்கிருந்தோ மாமாவின் குரல் வந்தது. "உயிரோட இருக்கீங்களா ரெண்டு பேரும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருக்கோம் மாமா!" என்றான் ஜிலாலி.